புதுச்சேரி புட்டியில் புதுச்சேரி எங்கே?

ஊர்ப் பெயரையும் கடலின் வாசத்தையும் சொல்லி விற்கும் ஜின் வகைகள் உலகெங்கும் பெருகிவருகின்றன. ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் 2015 முதல் கடற்பாசி சேர்த்து ஜின் வடிக்கிறார்கள். அயர்லாந்தின் டோனெகல் கரையில் ஐந்து வகைப் பாசிகள் வடிகலத்துக்குள் போகின்றன. இந்தியாவில் 2017க்குப் பிறகு கோவாவில் தொடங்கிய அலை, பத்தாண்டுகூட ஆகாத நிலையில், ஜின் என்ற குடியையே புதிதாக எழுதிவிட்டது. வங்கக் கரையில், பிரெஞ்சுக்காரர் காலம் முதல் மதுவுக்குப் பேர்போன புதுச்சேரியிலும் கரையின் பெயரில் ஒரு ஜின் வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால், அப்படி ஒரு புட்டி வருமானால் அதற்குள் புதுச்சேரி எவ்வளவு இருக்கும் என்ற கேள்வியை இப்போதே கேட்டுவிட வேண்டும். பெயர்ச்சீட்டு அச்சாகிச் சந்தைக்குப் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

கடல்வழி வந்த மதுவுக்கு இங்கே ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அரியாங்குப்பம் ஆற்றோரம் அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்தவற்றில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்களும் இருந்தன. அன்று வந்த மதுவுக்கு ஈடாக இங்கிருந்து மணிகளும் துணியும் போயின. கைவேலை கொடுத்து மது வாங்கிய துறைமுகம் அது. இன்று நாம் எந்தக் கைவேலையைக் காட்டி மது விற்கிறோம்?

விலை என்னும் ஒரே சரக்கு

புதுச்சேரியின் மது வியாபாரம் எல்லைக் கோட்டின் மேல் நிற்கிறது. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியபோது, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அதற்கு வெளியே நின்றது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. கடைகள் மட்டும் அப்படியே இருந்தன. மதுவிலக்கு போய் டாஸ்மாக் வந்த பிறகு தமிழ்நாட்டிலும் மது கிடைத்தது. அப்போதும் புதுச்சேரிக்கு ஒரு வித்தியாசம் மிஞ்சியது. அது வரி. முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் இடையே ஒரு சாலையைக் கடந்தால் விலை மாறுகிறது. வாரக்கடைசியில் வந்து குவியும் கார்களில் கணிசமானவை அந்த விலைக்காகவே வருகின்றன.

இது எவ்வளவு மெலிந்த அடித்தளம் என்பதை 2020 மே மாதம் காட்டியது. கொரோனா காலத்தில் கூட்டத்தைத் தடுக்க, தமிழ்நாட்டு விலைக்குச் சமமாகும்படி புதுச்சேரி அரசு மதுவுக்குச் சிறப்பு வரி போட்டது. விலை ஒன்றானதும் வியாபாரம் படுத்துவிட்டதாகக் கடைக்காரர்களே முறையிட்டார்கள். மறுஆண்டு அந்த வரி விலக்கப்பட்டது. மலிவு ஒன்றைத் தவிர இந்த ஊர் மதுவில் தேடி வர எதுவும் இல்லை என்பதை நாமே ஒப்புக்கொண்ட காலம் அது. தமிழ்நாடு நாளைக்கே வரியைக் குறைத்தால் நம் கையில் என்ன இருக்கும்?

கரையோரப் பொருள்களில் வடித்த ஜின்னை நான் வரவேற்பது இதனால்தான். மலிவுக்காக நிறையக் குடிக்கும் இடம் என்ற பெயரை விட்டு, குறைவாக, நேர்த்தியாக, தன் மண்ணின் பொருளில் செய்யும் ஊர் என்ற பெயரை எடுக்க அது ஒரு வழி. ஆனால், அந்த வழியில் எளிதாக ஏமாற்றவும் முடியும்.

ஜின் எப்படி ஆகிறது?

ஜின்னின் உயிர் ஜூனிப்பர் என்ற குளிர்நாட்டுச் செடியின் காய். அந்த வாசம் தலைதூக்கி நிற்காவிட்டால் அது ஜின் ஆகாது. கொத்தமல்லி விதை, ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், அதிமதுரம், ஏஞ்சலிக்கா வேர் ஆகியவை வழக்கமான துணைகள். மணம் குணம் எதுவும் இல்லாத, 96 சதவீதம் வரை சுத்திகரித்த சாராயத்தில் தண்ணீர் கலந்து, இவற்றை ஊறவைத்து, செப்புக் கலத்தில் மீண்டும் வடிப்பார்கள். முதலில் இறங்குவதையும் கடைசியில் இறங்குவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுத்து, நீர் சேர்த்து இந்தியாவில் வழக்கமான 42.8 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள்.

இந்தக் கைமுறை நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் வாலையில் வடிக்கும் தீநீர்கள் இருக்கின்றன. வயிற்று வலிக்குக் குழந்தைகளுக்குக் கொடுத்த ஓமத் தீநீர் அந்த வகைதான். நாட்டுச் சாராயத்திலும் பனைவெல்ல ஊறலில் வெள்வேல மரப்பட்டை போட்டு வடித்த பட்டைச் சாராயம் தென்னாட்டில் நெடுங்காலம் இருந்தது. செடியின் குணத்தை ஆவியில் ஏற்றி இறக்கத் தெரிந்த மக்கள் நாம். அதனால் ‘ஜின் வெள்ளைக்காரன் சமாசாரம்’ என்று ஒதுக்க வேண்டியதில்லை. வெட்டிவேர், நார்த்தங்காய்த் தோல், கறிவேப்பிலை, தாழம்பூ, கொத்தமல்லி, கரையோர உப்பு நிலத்து உமரிக்கீரை என்று இந்தக் கடற்கரை தரக்கூடிய வாசனைகளுக்குப் பஞ்சமும் இல்லை.

இருபது கிராமும் மூன்று மரமும்

இப்போது ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ஜின்னுக்குப் போகும் வாசனைப் பொருள் பொதுவாக இருபது, முப்பது கிராம்தான். 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ இருபது கிராம். அதிலும் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வரும் ஜூனிப்பர். நம் கரையின் பங்கு என்று மிஞ்சுவது ஒரு கைப்பிடிக்கும் குறைவு. ஆயிரம் புட்டி விற்றாலும் வெட்டிவேர் விவசாயிக்குப் போகும் பணம் சில கிலோவுக்கான விலைதான். மீதி எல்லாம் எங்கிருந்தோ லாரியில் வரும் சாராயம். கழிவுப்பாகிலோ குருணையிலோ மக்காச்சோளத்திலோ பெரிய ஆலையில் செய்தது. ‘கடலோர மக்களின் வாழ்வாதாரம்’ என்று புட்டியின் முதுகில் எழுதுவதற்கு இந்த இருபது கிராம் போதாது.

கணக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடிச்சாராயமே இந்த மண்ணின் பொருளிலிருந்து வந்தால் என்ன ஆகும்? தென்னங்கள்ளில் சுமார் 6 சதவீதம் மது இருக்கிறது. 42.8 சதவீதத்தில் ஒரு புட்டி நிரப்ப, சேதாரம் சேர்த்து ஆறு லிட்டர் கள் வேண்டும். ஒரு தென்னை நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் சுரக்கும் என்று வைத்தால், ஒரு புட்டிக்குப் பின்னால் மூன்று மரங்களின் ஒரு நாள் உழைப்பு நிற்கிறது. காலையும் மாலையும் ஒருவர் மரம் ஏறிப் பாளையைத் தட்டிச் சீவி இறக்கிய கூலி நிற்கிறது. இருபது கிராம் எங்கே, மூன்று மரம் எங்கே!

என் கட்சி இதுதான்: ஊரின் பெயரைத் தாங்கும் தகுதி வாசனையால் வருவதில்லை, அடிச்சாராயத்தால் வருகிறது. புதுச்சேரி ஜின் என்று ஒன்று வந்தால் அதன் சாராயம் இந்தக் கரையின் தென்னையிலோ பனையிலோ கரும்பிலோ பிறந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஜின்னுக்கான சாராயத்தை மணமே இல்லாத அளவுக்குச் சுத்திகரித்துவிட்டால் அது கள்ளிலிருந்து வந்தால் என்ன, சோளத்திலிருந்து வந்தால் என்ன, நாக்குக்குத் தெரியாதே என்பார்கள். நாக்குக்குத் தெரியாது, உண்மை. மரம் ஏறியவரின் வீட்டுக்குத் தெரியும். தவிர, ஜின்னின் தாயான டச்சு ஜெனீவரில் தானிய மதுவின் குணத்தை முழுக்க நீக்காமல் விட்டு, அதன் மேல் ஜூனிப்பரை ஏற்றுகிறார்கள். பனங்கள்ளின் குணம் லேசாக மிஞ்சும்படி அந்த வழியில் வடித்தால், கோவாவும் லண்டனும் செய்ய முடியாத ஒன்றைப் புதுச்சேரி செய்யலாம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடைகள் இன்றும் சட்டப்படி நடக்கின்றன. சுற்றியுள்ள தமிழ்நாட்டுக்கு இல்லாத வாய்ப்பு இது. அதைக் கடை ஏலத்தோடு முடித்துக்கொள்கிறோம்.

கோவாவும் கொழும்பும்

கோவாவின் ஜின் அலை வெற்றிடத்தில் எழுந்ததில்லை. அங்கே முந்திரிப் பழத்தைப் பிழிந்து வடிக்கும் ஃபெனி ஒவ்வொரு கோடையிலும் தோப்புகளில் நடக்கும் குடிசைத் தொழில். 2009இல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு அதை மரபுக் குடியாக ஏற்றது. சிறு வடிப்பாளருக்குச் சட்டத்தில் இடம் இருந்த ஊரில்தான் நாவோ நிறுவனத்தின் ‘கிரேட்டர் தேன்’ 2017இலும், இமாலய ஜூனிப்பரை வைத்து ‘ஹபூசா’ அதன் பின்னும், தேர்டு ஐ வடிசாலையின் ‘ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்’ 2018இலும் வந்தன. சுவையில் அவை சாதித்தது பெரிது. இந்தியத் தயாரிப்பு என்றாலே இரண்டாந்தரம் என்ற எண்ணத்தை அவை உடைத்தன.

நாவோவின் பங்குகளை 2022இல் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் வாங்கத் தொடங்கியதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறிய பெயர் வளர்ந்தால் பெரிய நிறுவனம் வாங்குவது சந்தை இயல்பு, அதில் குற்றமில்லை. ஆனால், பெயரை வாங்கியவர் நாளை தயாரிப்பை வேறு மாநிலத்துக்கு மாற்றலாம். ஃபெனியை அப்படி மாற்ற முடியாது. குறியீடு அதைக் கோவா மண்ணோடு கட்டிவைத்திருக்கிறது. மண்ணோடு கட்டியது ஊருக்கு நிற்கும். வணிகப் பெயரோடு கட்டியது விலைபோகும்.

இலங்கை இன்னொரு பாடம் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வாசனைப் பொருள் வரத்து குறைந்தபோது, 1924இல் தொடங்கிய ராக்லேண்ட் வடிசாலை இலவங்கப்பட்டை, இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை சேர்த்து ஜின் செய்தது. அந்தப் பழைய செய்முறையின் வழிவந்ததுதான் இன்றைய ‘கொழும்பு நம்பர் 7’. அதே தீவின் தென்மேற்குக் கரையில், தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி அதன் மேல் நடந்து கள் இறக்குகிறார்கள். அதை வடித்துத் தென்னஞ்சாராயம் செய்கிறார்கள். வடக்கில் பருத்தித்துறைப் பக்கம் திக்கத்தில் பனஞ்சாராயத்துக்கென்று வடிசாலை எழுந்தது. மரம் ஏறும் தொழிலையும் வடிசாலையையும் கூட்டுறவால் இணைத்த முயற்சி அது. வாசனைக்கு ஒரு வழி, அடிச்சாராயத்துக்கு ஒரு வழி என இரண்டும் அந்தத் தீவில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே புட்டியில் சேர்ப்பதுதான் புதுச்சேரி செய்யக்கூடிய புது வேலை.

நம்மவர் வெட்டிய கரும்பு

பிரெஞ்சுத் தொடர்பைப் பெருமையாகச் சொல்லும் ஊர் இது. அந்தத் தொடர்பில் நாம் அதிகம் பேசாத ஒரு பக்கம் மதுவோடு நேராகச் சேர்ந்தது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பஞ்சம் வந்தது. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் இந்தியக் கூலிகளோடு மார்த்தினிக் தீவைத் தொட்டது. மறுஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் மார்த்தினிக்குக்கு 25 ஆயிரத்துக்கும் மேல், குவாதலூப்புக்கு 40 ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பங்கினர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிய தமிழர்கள்.

அவர்கள் வெட்டிய கரும்பு சர்க்கரையானது, ரம் ஆனது. கரும்புச் சாற்றை நேராகப் புளிக்கவைத்து வடிக்கும் மார்த்தினிக் ரம்முக்கு 1996இல் பிரான்ஸ், தன் திராட்சை மதுக்களுக்குத் தருகிற அதே தோற்றப் பெயர்ப் பாதுகாப்பைத் தந்தது. எந்த நிலத்தின் கரும்பு, எந்த மாதத்தில் வெட்டியது, எப்படி வடித்தது என்பதெல்லாம் அங்கே சட்டம். ஊர்ப் பெயர் போட வேண்டுமானால் பயிர் அந்த ஊரில் விளைந்திருக்க வேண்டும் என்ற விதி நம் மூதாதையர் வியர்வை சிந்திய வயலுக்கு இருக்கிறது. அவர்கள் புறப்பட்டுப்போன மண்ணுக்கு இல்லை.

மண்ணாடிப்பட்டுப் பகுதியில் இன்றும் கரும்பு விளைகிறது. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓட்டத்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆலை இல்லாத ஊரின் கரும்பு, விலைக்காக எல்லை தாண்டி அலைகிறது. அதில் ஒரு சிறு பகுதியையாவது சாறு பிழிந்து வடித்தால், அது ஜின்னுக்கு அடிச்சாராயமாகவும் தனிக் குடியாகவும் ஆகும். பண்ருட்டித் தோப்புகளில் கொட்டைக்காக முந்திரியைத் திருகிவிட்டு அழுகவிடும் பழமும் கண்முன் இருக்கிறது. கோவாவில் ஃபெனி ஆகும் அதே பழம் இங்கே எருவாகிறது. அது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால் இரு அரசுகளும் பேசித்தான் வழி காண முடியும். பேசத் தொடங்குவதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான பக்கம் இல்லை.

கரையைப் பறிக்கக் கூடாது

கடலோரப் பொருள் என்றதும் கரையில் முளைத்ததைப் பறித்துவரும் ஆசை எழும். இங்கே கண்டிப்பு வேண்டும். 1980களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, அவற்றுக்கு வடக்கே நகரின் கடற்கரை மணலை இழந்தது. கற்களைக் கொட்டிக் கரையைக் காத்தோம். பின்னர் கடலடியில் செயற்கைத் திட்டு வைத்து மணலைத் திரும்பப் பெற முயன்றோம். மணலின் அருமை தெரிந்த ஊர் இது. அடும்பங்கொடியும் தாழையும் அந்த மணலைப் பிடித்து நிற்கும் செடிகள். பருவத்துக்கு ஒரு வாசனை என்று அவற்றைச் சூறையாடினால் கரையின் பெயரை விற்றுக் கரையை அழித்தவர்கள் ஆவோம்.

விளைவித்த பொருளை மட்டுமே வாங்க வேண்டும் என்பதை விதியாக்கலாம். கடலூர்க் கரையின் மணற்பாங்கான ஊர்களில் வெட்டிவேர் பயிராகவே விளைகிறது. ஒடிசாவின் கஞ்சம் பகுதியில் தாழம்பூவை வயல் ஓரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் வளர்த்து வடித்து, அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். பாசி வேண்டுமானால் ராமநாதபுரம் கரையில் அதை வளர்த்தும் மூழ்கி எடுத்தும் பிழைக்கும் பெண்களிடம் விலை பேசி வாங்கலாம். கடற்பாசி, கடல்நீரிலிருந்து ஆர்சனிக் போன்றவற்றை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், ஆய்வுக்கூடச் சான்று இல்லாமல் ஒரு இலைகூட வடிகலத்துக்குள் போகக் கூடாது.

சாராயக்கடைக்கும் அதே தரம்

மது பற்றி இப்படிப் பேசுவதே தவறு என்று நினைப்பவர்களை நான் மதிக்கிறேன். குடியால் சிதைந்த வீடுகளைப் பார்க்காத தெரு புதுச்சேரியில் இல்லை. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில், விஷச் சாராயம் குடித்து மக்கள் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர். கொன்றது மெத்தனால் என்ற ஆலை ரசாயனம். கள்ளோ முறையாக வடித்த சாராயமோ இல்லை. செத்தவர்களில் பலர் கூலி வேலை செய்தவர்கள்.

ஜின்னின் வரலாறும் இந்தக் கண்ணீரிலிருந்து தொடங்கியதுதான். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜின் ஏழையின் மலிவுச் சரக்கு. தெருக்கள் அதில் மூழ்கின, குழந்தைகள் செத்தன. 1751இல் கடுமையான சட்டம் போட்டுத்தான் அடக்கினார்கள். பிறகு சிறு வடிகலங்களுக்கு உரிமமே கிடைக்காத நிலை உருவாகி நீண்ட காலம் தொடர்ந்தது. 2009இல் சிப்ஸ்மித் என்ற சிறு நிறுவனம் போராடி உரிமம் பெற்ற பின்தான் இன்றைய கைவினை ஜின் அலை பிறந்தது. மலிவாக, கணக்கில்லாமல் ஓடியபோது கொன்ற குடி, சிறு அளவில், கண்காணிப்போடு, நல்ல விலைக்கு வந்தபோது கைவினையானது.

ஆகவே புதுச்சேரியில் ஜின் பற்றிப் பேசும்போது சாராயக்கடையை மறந்துவிட்டுப் பேச முடியாது. வில்லியனூரை ஒட்டி அரியபாளையத்தில் அரசுக்குச் சொந்தமான வடிசாலை இருக்கிறது. சாராயக்கடைகளுக்குச் சரக்கு போவது அங்கிருந்துதான். சுற்றுலா வந்தவருக்குத் தாழம்பூ வாசத்தோடு செப்புக் கலத்தில் வடித்தது, செங்கல் சுமப்பவருக்கு வந்ததைக் குடி என்ற பாகுபாடு வரக் கூடாது. ஜின்னுக்குச் செய்யும் ஒவ்வொரு பரிசோதனையும் சாராயத்துக்கும் நடக்க வேண்டும். முடிவுகள் கடைவாசலில் ஒட்டப்பட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை

முதலாவது, சிறு வடிசாலைக்குத் தனி உரிமம். பெரிய ஆலைக்கான கட்டணத்தைச் சிறியவரிடம் கேட்டால் பெரியவர் மட்டுமே வருவார். ஆண்டுக்கு இவ்வளவு லிட்டர்தான் என்று உச்சவரம்பு வைத்து, கட்டணத்தைக் குறைக்கலாம்.

இரண்டாவது, பெயருக்கு விதி. அடிச்சாராயத்தில் பாதிக்கு மேல் இந்த ஒன்றியப் பகுதியின் தென்னை, பனை, கரும்பிலிருந்து வந்தால் மட்டுமே புட்டியில் புதுச்சேரி, காரைக்கால் பெயர் போடலாம். எந்தப் பயிர், எந்த ஊர், எங்கே வடித்தது என்ற மூன்று வரிகள் முகப்பிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, மரம் ஏறுபவர்களின் கூட்டுறவு. கள்ளை லிட்டர் கணக்கில் முன்விலை பேசி வாங்கும் ஒப்பந்தம், விபத்துக் காப்பீடு, ஏறும் கருவி ஆகியவை உரிமத்தின் நிபந்தனைகளாகட்டும்.

நான்காவது, புவிசார் குறியீடு. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைக்கும் குறியீடு பெற்ற அனுபவம் நமக்கு உண்டு. அதே வழியைப் பனஞ்சாராயத்துக்கும் பின்பற்றலாம்.

ஐந்தாவது, இந்தப் புது வருமானத்தில் ஒரு நிலையான பங்கு, குடிநோய் சிகிச்சைக்கும் மீட்பு மையங்களுக்கும் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும்.

இவற்றை முதலில் செய்து காட்டத் தகுந்த இடம் அரியபாளையம் வடிசாலைதான். ஒரு சிறு செப்புக் கலம், ஒரு வேதியியலாளர், நூறு மரங்களுக்கு ஒரு ஒப்பந்தம் என்று அங்கே தொடங்கலாம். இரண்டு ஆண்டுக் கணக்கைப் பொதுவில் வைத்தால் தனியாரும் அதே விதியில் வருவார்கள்.

குறைந்த விலைக்குப் புட்டி விற்கும் ஊராக இருப்பதில் நமக்கு எந்தப் பெருமையும் இல்லை. அந்த விலைக்காக வருகிறவர்கள் நம் தெருக்களில் விட்டுப்போவது என்ன என்பதை முத்தியால்பேட்டையிலும் கடற்கரைச் சாலையிலும் காலையில் பெருக்குகிறவர்கள் நன்றாக அறிவார்கள். மரம் ஏறுபவருக்குக் கூலியும், கரும்பு விவசாயிக்கு விலையும், குடிப்பவருக்கு விஷமில்லாத சரக்கும், கரைக்குப் பாதுகாப்பும் தருகிற சட்டம் வந்தால் ஜின்னும் வரட்டும். இவை இல்லாமல் புதுச்சேரியின் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் எந்தப் புட்டிக்கும் அரசு உரிமம் கொடுக்கக் கூடாது. அடுத்த கலால் கொள்கையை எழுதும்போது அமைச்சரவை இந்த ஒரு வரியிலிருந்து தொடங்க வேண்டும்.